பிள்ளை உண்டா என்று கேட்டார்கள்

கல்யாணமான இரண்டாம் மாதமே மலேயாவுக்குக் கப்பலேறிப் போன என் கணவர், நாலு வருஷம் கழித்து என்னை அழைத்துப்போக வந்தார். புத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் கிராமங்கள் அங்கேயா, பட்டணத்தோடா என்று கடைத்தெருவில் சண்டை நடந்த காலம். மனைவி என்று சொல்லிச் சிலர் வேறு யாரையோ கூட்டிப்போகிறார்களாம். அதனால் மலேயா போக அனுமதி தரும் பட்டணத்து அலுவலகத்தில் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், பதில் ஒத்துப்போனால்தான் அனுமதி என்றார்கள்.

எங்கள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை. அனுமதிக்கு ஜோடிப் படம் வேண்டும் என்பதால் திருப்பதிக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் "தக்கரகா, இங்கா தக்கரகா" என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லி எங்களை நெருங்கி நிற்கவைத்தார். என் தோள் கணவர்மேல் பட்டதும் வாசலில் காத்திருந்த குடும்பம் சிரித்தது. அந்தப் படத்தில் நான் எதையோ திருடி அகப்பட்டவள்போல நிற்கிறேன்.

மலேயாவில் இருந்து திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். கூடத்தில் மாமனார், மாமியார் எல்லாரும் இருந்தார்கள்.

"உன் வூட்டுக்காரரு எந்தப் பக்கம் படுப்பாரும்மா?"

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது ஒரு வெட்கம், அதை எல்லாரும் பார்த்துவிட்டது இன்னொரு வெட்கம்.

"சரி, வுடு. எந்த ராஜ்யம்னு கேட்டா?"

"பட்ணத்தோட சேந்துடும்னு சொல்லிக்கினு இருக்காங்களே..."

"அதெல்லாம் வாணாம். ஆந்திரானு சொல்லு. பிள்ளைங்க?"

கணவர் கப்பலேறிப் போன பிறகு எனக்கு ஒரு பெண் பிறந்தாள். தவழ ஆரம்பிக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"செத்துப்போன பிள்ளையச் சொன்னா அதுக்கும் காயிதம் கேப்பாங்க. ரெண்டு பேரும் இல்லைனே சொல்லிடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பட்டணத்தில் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு என்னை. வெள்ளைக்கார அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார். ஊர், மாமியார் பெயர், வீட்டுக்கு எத்தனை வாசல், எல்லாவற்றுக்கும் படித்ததை ஒப்பித்தேன்.

"பிள்ளை உண்டாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒண்ணு" என்று வந்துவிட்டது.

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். என் கணவரை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். நான் தலை நிமிரவில்லை. அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க இல்லைன்னீங்க. இவங்க ஒண்ணுங்கறாங்க. யார் சொல்றது பொய்?"

"பொறந்து போயிடுச்சி சார்" என்றார் அவர்.

"பேர் என்ன?"

பெண் பிறந்ததையும் அவள் போனதையும் மாமனார் ஒரே கடிதத்தில்தான் எழுதியிருந்தாராம். அதில் பேர் இல்லை.

"எனக்குத் தெரியாது சார். இவளுக்குத்தான் தெரியும்."

குமாஸ்தா அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெற்றவருக்கே நான் சொல்லாத பேரை, முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முன்னால் சொன்னேன். உடம்பு கூசியது. வெள்ளைக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தில் முத்திரை வைத்து நீட்டினார்.

என்னால் கணவருக்கு அவமானம் வந்ததென்று நினைத்து, திரும்பும் ரயிலில் நான் எதிர்ப்பலகையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். ரேணிகுண்டா போகிற கூட்டம் பெட்டி நிறைய இருந்தது. அரக்கோணம் தாண்டியதும் அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"யாரு மாதிரி இருந்தா?"

எதிரில் இருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தேன்.