இரண்டாவது மூட்டை

முதல் மூட்டையைப் படகில் வைத்துக் கட்டியானதும், என் அத்தான் புரேமோவா மணலில் உட்கார்ந்து இரண்டாவது மூட்டையைக் கட்டுவார். இரண்டிலும் ஒரே சாமான்தான்: ஒரு புட்டி தென்னம்பாகு, தட்டிக் காயவைத்த தாழம்பழ அடை, ஒரு முறுக்குப் புகையிலை. முதல் மூட்டை அவர் போகிற தீவுக்கு. இரண்டாவது, அவர் போய்ச் சேருகிற தீவுக்கு.

"ஒரு முடிச்சு கூடப் போடுங்க அத்தான், தூரம் போற மூட்டை அது" என்பேன். திரும்பிப் பார்க்கமாட்டார். அக்காள் புருஷனைக் கேலி பேச எனக்கு உரிமை உண்டு. ஐம்பது வருஷமாக அதை நான் வீணாக்கியதில்லை.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்காருவார். தேங்காய் காய்த்திருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்பார்.

"ஏ கொழுந்தியா, குரியாவில நமக்கு யாரு இருக்கா?"

"போறது அரனுகாவுக்கு. குரியாவ எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

எங்கள் அப்பாவின் அத்தை குரியாவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய இரண்டாவது மகனின் பேரன் தவுனா. ஊர்க்கூடத்தில் வடக்குத் தூணடியில் உட்காருகிற வீட்டார். இதைச் சொன்னால் கண்ணை மூடித் தலையாட்டிக்கொள்வார்.

அவருக்கு அது போதும். எந்தத் தீவில் கரையேறினாலும், வேட்டியை உதறிக் கட்டி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே ஊர்க்கூடத்துக்குள் போய், நம் வீட்டார் உட்காருகிற தூணடியில் உட்கார்ந்துவிடுவார். "வழி தப்பிட்டீங்களா பெரியவரே?" என்று யாராவது கேட்டால், "தப்புறதா? தவுனாவப் பாத்து நாளாச்சேன்னு வந்தேன்" என்பார். தவுனா, பாவம், அதுவரை இவரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் உறவு உறவுதானே. எழுந்து போய்ப் பன்றியைப் பிடித்தான்.

"உறவு இல்லாத தீவுல நான் ஒரு நாளும் இறங்குனதில்ல" என்று மார்தட்டுவார். உண்மைதான். எங்களுக்கு எல்லாத் தீவிலும் உறவு உண்டு.

படகோட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. இளவட்டங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பாயை, படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒற்றை ஆளாகச் சுமந்துபோய்த் திசை மாற்றுவார். மேகத்தின் அடிவயிறு பச்சையாகத் தெரிந்தால் கீழே எந்தத் தீவின் காயல் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். "இது நம்ம அபெமாமாப் பச்சை. அரனுகாப் பச்சை கொஞ்சம் வெளுத்தாப்பல இருக்கும்." ஒரே ஒரு கோளாறு: நல்ல காற்று கிடைத்துவிட்டால் பாயை இறக்க அவருக்கு மனசு வராது. "இப்பிடி ஒரு காத்துல பாயச் சுருட்டுனா, விருந்துல பாதியில எந்திரிச்ச மாதிரி" என்பார். கூடவே பாட்டு வேறு. அரனுகா இடது கைப்பக்கம் வரும், கொஞ்ச நேரம் அவரைப் பார்க்கும், போய்விடும். பாட்டு முடியும்போது எதிரே நிற்பது குரியா.

இப்படித்தான், அரனுகாவில் மகள் அகெனெட்டேயின் கல்யாணம் நடந்த அன்று, குரியாவில் தவுனா வீட்டுப் பன்றியைத் தின்றுகொண்டிருந்தார். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது தெற்குக் காற்று. வடக்கே மையானாவில் போய் இறங்கி, யாரோ ஒருவருக்குக் கூரை வேய்ந்து கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்து வீடு வந்தார். "அங்க கூரை ஒழுகும்னு எனக்கு முன்னமே தோணுச்சு" என்றார்.

அப்பன் வராவிட்டாலும் மகள் தன் பிள்ளைக்கு அப்பன் பெயரைத்தான் வைத்தாள். குட்டிப் புரேமோவாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வயது. என் அக்காள் போன மாதமே மோட்டார் படகில் போய்விட்டாள். "அத்தான் படகுல போனா என்னக்கா?" என்று நான் கேட்டதற்கு, "எனக்கு அரனுகாவுக்குத்தாண்டி போகணும்" என்றாள்.

முந்தாநாள் ரேடியோவில், தீவுக்குத் தீவு ஆட்கள் சொல்லியனுப்புவதை வாசிக்கிற நேரம். ஊரே சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கும். "அரனுகாவிலிருந்து அகெனெட்டே, அபெமாமாவில் இருக்கும் தன் அப்பா புரேமோவாவுக்கு: ஞாயிற்றுக்கிழமை விருந்தில், பெயருக்குரியவர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். என் மாமனார் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். எதற்கும் தவறாமல் வருகிறார். அன்றைக்கு நீங்கள் வேறு தீவில் இருந்தால், பிள்ளைக்கு அவர் பெயரை வைத்துவிடுவோம்." அடுத்து மழை, காற்று விவரம் வாசித்தார்கள்.

ஊர் சிரித்தது. கள் இறக்குகிறவன் தென்னை உச்சியிலிருந்து, "பெரியவரே, பன்னியக் கட்டி வைக்கச் சொல்லி குரியாவுக்கு ஆள் அனுப்பவா?" என்று கேட்டான். இரண்டு நாளாக அத்தான் வாயில் பாட்டு இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து கிழக்குக் காற்று, அவருக்குப் பிடித்த காற்று. இரண்டு மூட்டையையும் படகில் வைத்துக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"குரியாவில தவுனா இருக்கான். மையானாவில, அப்பாவோட சித்தப்பா வழியில..."

கையைத் தூக்கித் தடுத்தார். "வேணாம் கொழுந்தியா."

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கங்களேன்."

"அரனுகாவில யாரு இருக்கா? அத மட்டும் சொல்லு."

"உங்க பொண்டாட்டி இருக்கா. உங்க மக இருக்கா. உங்க பேரு இருக்கு."

மற்ற உறவுகளைக் கேட்டுக்கொள்கிற மாதிரியே கண்ணை மூடித் தலையாட்டினார். எழுந்துபோய் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். படகைத் தள்ளப்போனவர் நின்றார். இரண்டாவது மூட்டையைப் படகிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பி வந்து, அதை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.