திரை போட்ட அறைக்கு ஒரு விளம்பரம்

நாங்கள் அழகு நிலையம் திறந்த புதிதில் என் நாத்தனார் வாயைத் திறந்தால் மார்க்கெட்டிங்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் கடை. பூக்கட்டும் இடத்தையும் வெங்காய மூட்டைகளையும் தாண்டிப் போகிறவர்கள் யாரும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பதில்லை. நாத்தனார் என் கணவரின் தங்கை. அலுவலக வேலையை விட்டுவிட்டு என்னோடு பங்கு சேர்ந்தவள். நான் பிறர் கடைகளில் வருஷக்கணக்காகப் புருவம் திருத்திக் கழுத்து வலியைச் சம்பாதித்தவள். அவளுக்கு வியாபாரம் தெரியும், எனக்கு வேலை தெரியும் என்று குடும்பத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு வியாபாரம் தெரியாது என்று யார் சொன்னது?

நான் வேலை பார்த்த கடைகளுக்குத் தலையை மறைத்துத் தூடோங் அணியும் முஸ்லிம் பெண்கள் வருவார்கள். கடை மூடுகிற நேரம் பார்த்துத் தயங்கித் தயங்கி வருவார்கள். ஒரு மூலையில் துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு முடி வெட்டுவோம். தேத்தண்ணி கொண்டுவரும் ஆள் உள்ளே நுழைந்தால் ஈரத்தலையோடு முக்காட்டைத் தேடித் துழாவுவார்கள். காசு கொடுத்து வருகிறவர்களை ஏன் திருடர்களைப்போல ஒளியவைக்கிறோம்? அதனால் என் கடையில் கடைக்கோடியில் ஒரு தனி அறை வேண்டும் என்று அடம்பிடித்தேன். கதவு போட்டால் இடம் குறுகலாகத் தெரியும் என்று நாத்தனார் சொன்னதால் கனமான திரை போட்டோம். அந்தத் திரையை யாரும் விலக்கமாட்டார்கள் என்று தெரிந்த பெண்களிடமெல்லாம் வாயால் சொன்னேன். என் விளம்பரம் அவ்வளவுதான்.

அதை நம்பி முதலில் வந்தவர் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்த குடும்பம்; இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. அதைப் பின்னி முடிந்து உள்ளே வைத்துக்கொண்டு எப்படித்தான் இந்த ஊர் வெயிலில் நடக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். தன் தோழிகளையும் பள்ளியில் கூட வேலை பார்ப்பவர்களையும் அவரே கையோடு கூட்டிவந்தார்.

இது மெதுவாக இருக்கிறதாம் நாத்தனாருக்கு. செம்பவாங்கில் அப்பா அம்மாவோடு இருக்கும் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்தாள். கடை கடையாகப் போய் வீடியோ எடுத்துப் போடுகிறவள், ஏகப்பட்ட பேர் அவளைப் பின்தொடர்கிறார்களாம். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய ஞாயிறன்று வந்தாள். தெருவில் நடக்க இடமில்லாத கூட்டம், மாடியிலும் நல்ல கூட்டம். அவள் ஒரு வட்ட விளக்கை நட்டுவைத்து, நாற்காலிகளைத் தள்ளி, மருதாணிக்குக் காத்திருந்தவர்களைச் சிரிக்கச் சொல்லி ஆட்டிவைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். லாத்தா உள்ளறையில் இருந்தார். தலைக்குச் சாயம் பூசி, ஊறட்டும் என்று விட்டு, திரையை இழுத்து மூடிவிட்டு நான் வெளியே ஒரு புருவத்தை முடிக்க வந்தேன். நோன்புக் களைப்பில் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் லாத்தா தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"நாங்க எல்லாம் ஒரே வீட்லதான்மா இருக்கோம். கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க வீட்டுக்காரரோட தம்பி என் முடிய ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. இன்னிக்கு அவருதான் வந்து சொல்றாரு, மதினி, உங்க வீடியோ ஒண்ணு ஓடுதுன்னு. தரையப் பார்த்துக்கிட்டே சொன்னாரு."

பார்த்தேன். துள்ளல் பாட்டு, மின்னும் எழுத்துகள். 'முஸ்லிம் சகோதரிகளுக்கு முழுப் பாதுகாப்பான தனி அறை' என்று அந்தப் பெண் குழைகிறாள். குழைந்துகொண்டே திரையை ஒரு கையால் விலக்குகிறாள். கண்ணாடியில் லாத்தாவின் முகம், தோளில் வழியும் முடி, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. குளியலறையில் ஆள் இருக்கும்போது கதவைத் திறந்து, பாருங்கள் எவ்வளவு நல்ல தாழ்ப்பாள் என்று காட்டுகிற புத்தி.

அதை உடனே நீக்கச் சொல் என்று நாத்தனாரிடம் கத்தினேன். முகத்தை மட்டும் மறைத்துவிட்டால் போதும்லா, அவங்களும் பொம்பளை, எடுத்தவளும் பொம்பளை, இதில் என்ன இருக்கிறது என்றாள். பார்க்கிறவர்கள்? என்று கேட்டேன். இன்னும் ஒரு நாள் பொறுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். என் கணவரோ, கடை திறந்த கையோடு வீட்டுக்குள் சண்டை எதற்கு என்றார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்குப் பொறுமையைப் பாடம் எடுத்தார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு ரயிலேறிச் செம்பவாங் போனேன்.

அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றேன். இரண்டே நொடிதான், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றாள் அவள். அவங்க கொழுந்தன் கவனித்துவிட்டார் என்றேன். இப்போது நீக்கினால் இவ்வளவு உழைப்பும் வீணாகிவிடும் என்று சிணுங்கினாள். உழைப்பாம். உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்தாயே, அப்போதுகூடவா அந்தம்மா உன் கண்ணில் படவில்லை என்று கேட்டேன்.

"பட்டாங்க ஆன்ட்டி. ரொம்ப அழகா இருந்தாங்க, அதான் வெச்சேன்."

அவளை அறைந்திருப்பேன். பெற்றவர் பக்கத்தில் நின்றதால் தப்பித்தாள். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம். பார்த்து, ரசித்து, இது நம் வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். யார் வீட்டுச் சொத்தை யார் எடுத்து யாருக்குப் பந்தி வைப்பது? என் கண் முன்னால் அதை நீக்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை. அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ, அதை நீக்க எந்த வாசலில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராகப் புக்கிட் பாத்தோக். லாத்தா என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை, அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இறங்கி வந்தார். தூடோங்கை நெற்றிவரை இழுத்து ஊசி குத்தியிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா, இனிமே வீட்லயே சாயம் போட்டுக்கறேன்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தப் பரவாயில்லைதான் தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, ஆத்திரத்தில் அழுதேன்.

மறுநாளிலிருந்து கடைத் தொலைபேசி ஓயவில்லை. ஜூரோங், தெம்பனிஸ், எங்கெங்கிருந்தோ பெண்கள். எல்லாருக்கும் அந்த அறைதான் வேண்டும். "பாத்தீங்களா அண்ணி, வொர்க் ஆயிடுச்சு" என்றாள் நாத்தனார். பெருநாள்வரை இடமில்லை என்று சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மத்தியானம் நான் நூலை வாயில் கவ்விக்கொண்டு ஒருத்தியின் புருவத்தில் குனிந்திருந்தேன். நாத்தனார் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது குரலை வைத்துப் பார்த்தால் இளம்பெண், கல்யாணம் நிச்சயமானவள். வீடியோ பார்த்தேன், ரொம்பப் பிடித்திருந்தது என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, உள்ளே இருக்கும்போது யாரும் பார்த்துவிடமாட்டார்களே என்று கேட்டாள்.

கண்டிப்பாக மாட்டார்கள் என்று நாத்தனார் ஆரம்பித்தாள். நான் நூலைப் போட்டுவிட்டுப் போய்த் தொலைபேசியைப் பிடுங்கினேன்.

"பாத்துட்டாங்கம்மா" என்றேன். "உங்களுக்கு முந்தி அங்க உக்காந்திருந்தவங்கள ஊரே பாத்துடுச்சு. நீங்களும் பாத்துட்டுத்தான் கூப்பிடுறீங்க."