மண்ணுக்குள் மடங்கிய விரல்கள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, புதைத்த கால் வலிக்குமா என்று என்னைக் கேளுங்கள். வலிக்கும்.

போன வருஷம் தவக்காலத்துக்குச் சற்று முன்பு, எங்கள் ஊர் மண்டி மொஹல்லாவில் ஒரு லாரி என் ஸ்கூட்டரை இடித்தது. ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம் வழக்கப்படி என் கணவர் அதைத் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், மாமியாரின் கல்லறையோரம் புதைத்தார். அந்த அம்மாள் உயிரோடிருந்தவரை எங்களுக்குள் ஆகவே ஆகாது.

புண் ஆறியது. அதன் பிறகுதான் ஆரம்பித்தது. இல்லாத காலின் விரல்களை யாரோ மடக்கி நெரித்தார்கள். மழை பெய்தால் பாதம் ஜில்லிட்டது, மண் ஒட்டியதுபோல் அரித்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதையும் நிறுத்தினேன். செத்தால் தேவலை என்றிருந்தது.

நாத்தனார் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: “அம்மாதான் புடிச்சிட்டிருக்காங்க அண்ணி. சும்மா விடமாட்டாங்க.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று நம்பிவிட்டேன். காலைக் கோணலாகப் புதைத்துவிட்டோமோ, அதனால்தான் வலிக்கிறதோ என்று என் கணவருக்கும் சந்தேகம். தோண்டி நேராக வைத்துவிடுவது என்று முடிவானது.

மண்வெட்டியோடு போனோம். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஊன்றுகோலில் சாய்ந்து ஜெபித்தேன். “ஆண்டவரே, என் வலி எங்க இருக்குன்னு காட்டும்.” வேறு வார்த்தை வரவில்லை.

ஊன்றுகோல் ஈரமண்ணில் வழுக்கியது. வெட்டுப்பட்ட காலின் நுனி மாமியார் கல்லறையின் கல்சிலுவையில் இடித்தது. அதே நொடி, இல்லாத பெருவிரலில் ஷாக் அடித்தது. கத்திவிட்டேன். பிறகு இடித்த இடத்தை என் விரலாலேயே தட்டினேன். மறுபடியும் பெருவிரலில்தான். மண்ணை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை.

“தோண்டாதீங்க. வலி அங்க இல்ல, என்கிட்டயே இருக்கு” என்றேன்.

டாக்டரிடம் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் விரலால் தட்டிப் பார்த்து, ஸ்கேன் எடுத்தார். அறுபட்ட நரம்பின் நுனி முடிச்சாக வளர்ந்திருந்தது. அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டதும், பிடித்திருந்த கை விட்டதுபோல் விரல்கள் விரிந்தன. அழுதுவிட்டேன். பின்னர் ஆபரேஷனில் முடிச்சை வெட்டி, நரம்பு நுனியைத் தசைக்குள் புதைத்தார்கள்.

இப்போது செயற்கைக் காலோடு பள்ளிக்கூடம் போகிறேன். இல்லாத விரல்களின் உணர்வு மட்டும் போகவில்லை. வலி இல்லை; விரல்கள் இருக்கின்றன என்று தெரிகிறது, அவ்வளவுதான். அது இருக்கும் என்றார் டாக்டர். இருக்கட்டும்.

அன்பானவர்களே, வலி இங்கேதான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்குகிறோம். எங்கே என்று ஆண்டவரிடம் கேளுங்கள். காட்டும்போது வலிக்கும். ஆனாலும் கேளுங்கள்.