முதுகும் நேர்த்தியும்

கீழே விழுந்த வெங்காயத்தைக் கால்விரல்களால் கவ்வி, முழங்கால்வரை உயர்த்தி, கையில் வாங்கிக்கொள்கிறார் கேதீஸ்வரன் அண்ணை. சுன்னாகம் சந்தையில் மற்றவர்கள் தரையில் சாக்கு விரித்து வியாபாரம் செய்ய, அவர் மட்டும் நெஞ்சளவு உயர மேசை போட்டு நிற்கிறார்.

"முதுகுக்குள்ளை ஒரு இரும்புக்கடையே கிடக்குது, தம்பி" என்பார் என்னிடம்.

யாராவது பின்னால் கூப்பிட்டால் முழு உடம்போடும் திரும்புவார். பக்கத்தில் மிளகாய் விற்கும் அற்புதராணி அக்கா, "தேர் திரும்புது, வழி விடுங்கோ!" என்று கத்துவார்.

"வடம் பிடிக்க ஆளில்லாத தேர் பிள்ளை இது!" என்பார் அண்ணை.

மூட்டை தூக்கித் தூக்கி, இடுப்பில் ஒரு முள்ளெலும்பு நகர்ந்து நரம்பை நெரித்தது. போன வருடம் வாசல் படலைவரைகூட அவரால் நடக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்து, இரண்டு எலும்புகளை ஆணி பூட்டி ஒன்றாக்கினார்கள். வெளியே காத்திருந்த அவர் மனைவி இராசமலர் அக்கா, பயத்தில் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டார்: என்ரை மனிசன் எழும்பி நடந்தால், தேரன்று பிரதட்டை செய்வார். ஈர வேட்டியோடு கோயில் வீதியைச் சுற்றி உருளுவதுதான் பிரதட்டை.

பிறகுதான் டாக்டர் வந்து, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இடுப்பை முறுக்கவே கூடாது என்றார். அக்காவுக்குத் தன் பிழை அப்போதுதான் விளங்கியது.

"ஒரு மோதகம் அவிக்கிறன் எண்டு நேந்திருக்கக்கூடாதே?" என்று அற்புதராணி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணையோ பிடிவாதமாக நின்றார். "பிள்ளையாரிட்டைச் சொன்னது சொன்னதுதான். ஆணி இளகினால் இளகட்டும்." எலும்பு ஒட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று கோயில் ஐயர் சொல்லியும் கேட்கவில்லை.

இம்முறை தேரன்று கோயில் கேணியில் தோய்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட வீதிக்கு வந்துவிட்டார். எப்படிப் படுப்பது என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் இராசமலர் அக்கா முன்னால் வந்து நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"இஞ்சாருங்கோ, நேந்தது நான். அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு நான் அடியழிக்கிறன். நீங்கள் நடக்கவேணும் எண்டுதானே கேட்டனான்? பின்னாலை நடவுங்கோ."

"ஊர் சிரிக்கும், மலர்."

"சிரிக்கட்டும். நீங்கள் திரும்பவும் படுக்கையிலை கிடந்தால், நான் ஆரோடை சிரிக்கிறது?"

அக்கா மணலில் விழுந்து வணங்கினார். எழுந்து சில அடி வைத்து, மறுபடி விழுந்தார். அண்ணை பின்னால் நடந்தார்.

தெற்கு வீதியில் மணல் சுட்டது. நெற்றியும் முழங்கைகளும் சிவந்துபோக, அக்கா எழும்பச் சிரமப்பட்டார். அண்ணை அவரைக் கடந்து முன்னால் போனார். ஆஸ்பத்திரியில் பழக்கியபடி முதுகை நேராக வைத்துக்கொண்டு, முழங்கால்களை மட்டும் மெல்ல மெல்ல மடித்துத் தாழ்ந்தார். அக்கா அடுத்து விழப்போகும் இடத்தில், தன் ஈர வேட்டி நுனியைப் பிழிந்து மணலை நனைத்தார்.