கண்ணாடிக் கோப்பையில் இரண்டு கோடுகள்

என் மனைவி சோறு சாப்பிடும் தட்டைக் கோப்பையில் இரண்டு கோடுகள் வரைந்தவன் நான். ஒன்று விட்டம், மற்றது அதில் பாதி நீள ஆரை. முப்பது வருடங்களுக்கு மேல் கணிதம் படிப்பித்த கைக்கு அது ஒரு நிமிட வேலை. கண்ணாடிக் கோப்பை என்பதால் அடிப்பக்கத்தில் கறுப்புப் பெயின்ற் கொண்டு வரைந்தேன். பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு. அவளுக்கு நீரிழிவு என்று தெரிந்த நாளில் களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்த தாளில் அப்படி ஒரு படம் இருந்தது. அதைத்தான் கோப்பைக்கு மாற்றினேன்.

“இஞ்சாருங்கோ, இது கோப்பையோ, உங்கட கரும்பலகையோ? பிழையாச் சாப்பிட்டால் வாங்கில ஏறி நிக்கச் சொல்லுவியளோ?” என்றாள்.

“நீர் சாப்பிடும்.”

இரத்தத்தில் சீனி குறைந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோரும் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது.

போன வருட மழையில் அவளுக்கு நியூமோனியா. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து மெலிந்து வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது போசாக்கு ஆலோசகர் புதிய தாள் ஒன்று எழுதித் தந்தார். இளம் சிங்களப் பெண்பிள்ளை, வேலைக்காகத் தமிழ் படித்தவர்.

“அங்கிள், இப்ப சுகர் இல்ல முதல். சுகருக்கு டொக்டர் மருந்து மாத்தித் தந்திருக்கு. ஆன்ட்டிக்கு இப்ப வெயிட் வேணும். பழைய தாள் வேணாம்.”

புதிய தாளில் படம் இல்லை. நாளுக்கு ஆறு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. முட்டை, மீன், தயிர், தேங்காய்ப்பால் சேர்ந்த சாப்பாடு. கடைசி வரி: அவ விரும்புவதைக் கொடுங்கள்.

அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அளவு இல்லாத, வரைவிலக்கணம் இல்லாத ஒரு வரி. நேற்றுப் படித்து முடித்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். தாளை மடித்து, அப்போது வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் வைத்தேன். அது தொலையவில்லை. நான் மறக்கவுமில்லை. கோடு போட்ட கோப்பையே தொடர்ந்தது.

அந்தப் புத்தகம் மறுமலர்ச்சிக் கால ஓவியர்களும் கணிதமும் பற்றியது. கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கே பேச ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த ஓவியர்கள் பலர் மனிதரை வரையுமுன் நிலத்தை வரைந்தார்கள். சதுரக் கற்கள் பதித்த நிலம்; அதன் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு புள்ளிக்குப் போய்ச் சேரும். யார் எந்தக் கல்லில் நிற்கிறாரோ, அவரை எவ்வளவு உயரமாக வரைய வேண்டும் என்று அந்தக் கல்லே சொல்லிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: பார்ப்பவர் ஒற்றைக் கண்ணோடு ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு அந்த நிபந்தனை மிகவும் பிடித்தது. வீட்டிலும் நான் அப்படித்தான் நின்றேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

ஒருநாள் பின்னேரம் கேட்டாள்: “ஒரு பாலப்பம் வாங்கித் தாங்கோவன். மெயின் றோட்டுக் கடையில இப்ப சுடச்சுட இருக்கும்.”

“தேங்காய்ப்பாலும் சீனியும். அதைக் கோட்டுக்குள்ள எங்க வைக்கிறது?”

“கோட்டுக்குள்ள வைக்க வேண்டாம். என்ர வாய்க்குள்ள வையுங்கோ.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் வாங்கவில்லை.

மரக்கறியை முதலில் முடிக்கச் சொல்வேன். அதிலேயே களைத்துக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறியது. படி இறங்கிக் கடற்கரைக்குப் போவதை நிறுத்தினாள். வயது போனால் அப்படித்தான் என்று மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

பேச்சுக்காக ஒரு கருவி செய்து வைத்திருந்தேன். ஒரு மரச்சட்டம், அதில் செருகிய ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாள், முன்னால் துளை போட்ட ஒரு மட்டை. துளையால் பார்த்து, தெரிவதை அப்படியே தாளில் வரைய வேண்டும். அவளுக்கு நியூமோனியா வருவதற்கு முன் ஒருதரம் செய்து பார்த்தேன். அவளைக் கதிரையில் இருத்தி, நிலத்து மாபிள் கோடுகளையும் அவளுடைய உருவத்தையும் வரைந்தேன். பேச்சுக்கு நாலு நாள் இருக்கும்போது அதே தாளைச் செருகி, அதே கதிரையை அதே இடத்தில் போட்டு, இருக்கச் சொன்னேன்.

நிலத்துக் கோடுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. கதிரைக் கால்களும் பொருந்தின. ஆனால் நான் வரைந்த தோள்களை அவள் நிரப்பவில்லை. இரண்டு பக்கமும் சுவர் தெரிந்தது.

“கொஞ்சம் நிமிர்ந்து இரும்.”

“நிமிர்ந்துதான் இருக்கிறன்.”

மட்டையைச் சரிசெய்தேன். சட்டத்தை மறுபடி அளந்தேன். கதிரையைத் தூக்கி வைத்தேன்.

“என்ன பிழை?” என்றாள்.

“தெரியேல்லை. நிலம் சரியா வருது. கதிரையும் சரியா வருது.”

“அப்ப கணக்குச் சரி. நான்தான் குறைஞ்சு போனன்.”

குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் இரண்டு பாலப்பம் வாங்கி வந்தேன். ஒன்றில் பாதிதான் அவளால் முடிந்தது. ஆசை இருந்தது, வயிறு அதற்குள் சுருங்கிவிட்டது.

அடுத்த கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அங்கிள், நான் எழுதினதுதானே குடுத்தது?”

“அந்தத் தாள் தொலைஞ்சு போச்சு, மிஸ்.”

என் மனைவி ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை இன்னொரு தாள் எழுதினார். கடைசி வரி அதேதான்.

கொட்டாஞ்சேனைக்கு நான் போகவில்லை. கோப்பையின் கோடுகளைப் பெயின்ற் கரைக்கும் தின்னர் பூசிச் சுரண்டினேன். அவள் அந்தக் கோப்பையைத் தொடுவதில்லை. சின்னக் கிண்ணத்தில், நாளுக்கு ஆறு தரம், கேட்டதைச் சாப்பிடுகிறாள். நிறை மெல்லக் கூடுகிறது. போன தசை இந்த வயதில் முழுதாகத் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படிவளைவு வரை இறங்கினாள். கடற்கரைக்கு இன்னும் இரண்டு மாடி இருக்கிறது. மூச்சு வாங்கியதால் திரும்பி ஏறிவிட்டோம்.

தாள் எங்கே இருந்தது என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நான் எழுதுவது எதையும் முதலில் வாசித்து எழுத்துப் பிழை திருத்துபவள் அவள்தான். இதையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். இப்போது தயிரோடு மேசையில் இருக்கிறாள். முதலில் அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.