சுவரைத் தள்ளிய மார்லிஸ்

அமெரிக்காவின் டுலூத் நகரில் சீலிங்குக்கு பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் மார்லிஸ் கோஸ்கெலாவைக் கூப்பிடு என்பார்கள். இருபத்தாறு வருடம் அண்ணாந்தே பிழைத்தவள்.

ஐம்பத்திரண்டாம் வயதில், மார்ச் மாதம், ஒரு காய்ச்சல் வந்து போனது. நாலாம் நாள் வலது தோளில் உயிர் போகிற வலி. பத்து நாள் படுத்துப் புரண்டாள். வலி அடங்கியதும் ஒழிந்தது சனியன் என்று ஏணி ஏறினாள். ரோலரைத் தூக்கிய கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை.

கூடவே வேலை செய்யும் டுவேன் கீழே நின்று சிரித்தான். "என்ன மார்லிஸ், சீலிங் உசந்துபோச்சா, நீ குள்ளமாயிட்டியா?"

அப்புறம்தான் அவள் முதுகைக் கவனித்தான். "ஏய், முதல்ல இறங்கு. சட்டைக்குள்ள என்னமோ துருத்திட்டு நிக்குது."

மூட்டுத் தேய்மானம் என்று ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் வீணாயிற்று. விஷயத்தைக் கண்டுபிடித்தது டெனிஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் பெண்தான்.

"ரெண்டு கையாலயும் சுவரைத் தள்ளுங்க."

தள்ளினாள். வலது தோள்பட்டை எலும்பு முதுகை விட்டு எழும்பி நின்றது. அதன் உள்ளோரத்தில் டெனிஸால் விரலையே நுழைக்க முடிந்தது.

"மூட்டுல ஒண்ணுமில்லங்க. இந்தப் பட்டை எலும்பை உடம்போட சேர்க்கறது முன்னால இருக்கற காறை எலும்பு ஒண்ணுதான். மத்தபடி தசைங்கதான் ஆளுக்கொரு பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கு. கழுத்துலருந்து ஒண்ணு மேல இழுக்கும், முதுகுத்தண்டுலருந்து சிலது பின்னால இழுக்கும். விலாவுலருந்து ரம்பப்பல் மாதிரி கிளம்பி, எலும்புக்கு அடியில போய் முன்னால இழுக்கறது ஒண்ணு இருக்கு. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அதோட நரம்புதான் படுத்துருச்சு."

"அப்ப என் கை?"

"கை நல்லாத்தான் இருக்கு. அது ஊன்றி நிக்கற இடம்தான் ஆடுது."

"சரியாகுமா?"

"ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனாள் மார்லிஸ். இத்தனை வருடமும் தன் கையைத்தான் மெச்சிக்கொண்டிருந்தாள். அடியில் ஒன்று ஓயாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அதன்பின் தரையில் உட்கார்ந்து சுவரின் அடியோரம் ஓடும் மரச்சட்டங்களுக்கு பெயிண்ட் அடித்தாள். சீலிங் டுவேனுக்குப் போனது. அவள் தலையிலேயே பெயிண்டைச் சொட்டவிடுவான், வாங்கிக் கட்டிக்கொள்வான்.

தான் பாடம் எடுக்கும் கல்லூரியில், மாணவர்களுக்கு முதுகைக் காட்ட முடியுமா என்று டெனிஸ் கேட்டாள்.

"என் முதுகையா? என் புருஷனே இதை ஒழுங்காப் பார்த்ததில்லை!" என்றாலும் போனாள். பின்பக்கம் திறந்த கவுனில் நின்று சுவரைத் தள்ளினாள். தள்ளத் தள்ள, பின்னால் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்கும்.

மூன்றாம் முறை போனது அடுத்த வருடம் அக்டோபரில். அன்று பேனா சத்தமே இல்லை. கடைசியில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மன்னிக்கணும், பழுது எந்தப் பக்கம்?"

டெனிஸ் வந்து தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போகவில்லை.

"மார்லிஸ், தசை எலும்பைப் பிடிக்குதுங்க."

"உங்க பாடம் கெட்டுப்போச்சே!" என்றாள் மார்லிஸ்.

வசந்தத்தில் மறுபடி ஏணி ஏறினாள். முழு பலம் திரும்பவில்லை. பெரிய கூடங்களை டுவேனிடம் விட்டுவிடுகிறாள். சின்ன அறை என்றால் அவளே அடிக்கிறாள். பாதியில் இறங்கி, தோளைத் தொங்கவிட்டு, காபி குடித்துவிட்டு மறுபடி ஏறுகிறாள். யாரும் அவசரப்படுத்துவதில்லை.