அஞ்சம்மாள் என்றொரு நோயாளி

ஏகநாதனுக்கு யாரிடமும் கெட்ட பெயர் வாங்கத் தெரியாது. சேலையூரில் அவன் குடியிருக்கும் அடுக்ககத்தில் தண்ணீர் லாரிச் சண்டை வந்தால், மாடி வீட்டுக்காரரிடம் "நீங்க சொல்றது கரெக்ட் சார்" என்பான். கீழ்வீட்டில் போய் அதையே சொல்வான்.

அவன் வேலை பார்ப்பது தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில். படப்பையிலும் கேளம்பாக்கத்திலும் கிளைகள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டம் கொண்டுவரும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது.

மருந்துக் கிடங்கு யாசீன் பாய் கறாராகச் சொல்லிவிட்டார். "பேஷன்ட் பேர் ஏறாம ஒரு ஊசிகூட வெளிய போவாது சார். ஸ்டாக் கணக்கு இடிச்சா எல்லாரும் என் கழுத்ததான் புடிக்கிறாங்க."

"சரி பாய்" என்றான்.

அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் பியூலா, "மூச்சுத் திணறி வர்றவங்ககிட்ட பேரு, வயசுன்னு கேட்டுக்கிட்டு நிக்க முடியாது சார். மருந்து முதல்ல, என்ட்ரி அப்புறம்" என்றார்.

"சரி சிஸ்டர்" என்றான்.

இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டியவன் அவன்தான். உட்காரவைத்தால் ஒருவர் முகம் கோணுமே!

யாசீன் சொன்னபடியே சிஸ்டம் ஓடத் தொடங்கியது. முதல் வாரமே பியூலா கொதித்துப்போய் வந்து நின்றார். ஏகநாதன் அவசரமாக இல்லாத நோயாளி ஒருத்தியை உருவாக்கினான். அஞ்சம்மாள், வயது எழுபது. அவள் பெயரில் மருந்தை எடுத்துக்கொண்டு, பிறகு உண்மையான பெயருக்கு மாற்றிவிட வேண்டியது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்."

மாற்றத்தான் வார்டில் யாருக்கும் நேரமில்லை. ஐந்தாம் மாதத் தணிக்கையில் அஞ்சம்மாள் அகப்பட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு ஊசி போட்டும் அவள் வீட்டுக்கும் போகவில்லை, சாகவும் இல்லை.

"யார் இந்தம்மா?" என்றார் நிர்வாக அதிகாரி தினகரன். பியூலா ஏகநாதனைப் பார்த்தார். அவன் சார்ஜர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என் வார்டுல நடந்தது. நான்தான் பொறுப்பு சார்" என்றார் பியூலா.

அந்த நொடியில் ஏகநாதனுக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

பியூலாவின் தலைமைப் பதவி போயிற்று. கேளம்பாக்கத்துக்குச் சாதாரண நர்ஸாக மாற்றினார்கள். அதன்பின் யாசீனையும் டாக்டர்களையும் தினகரனே கூட்டிவைத்துப் பேசினார். அவசரப் பிரிவில் மருந்து முதலில், பதிவு ஆறு மணி நேரத்துக்குள் என்று அரைமணியில் முடிவானது. அதைச் சிஸ்டத்தில் ஏற்றியதற்காக ஏகநாதனுக்குக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினான். எழுந்து தினகரன் அறைக்குப் போனான்.

"அஞ்சம்மாள் பேரை நான்தான் சார் போட்டேன்."

தினகரன் நிமிரவே இல்லை. "தெரியும். புது பேஷன்ட் போட நர்ஸுங்க யாருக்கும் சிஸ்டம்ல அனுமதி கிடையாதே. நீங்களா சொல்வீங்கன்னு அன்னிக்கு முழுக்கப் பாத்தேன். அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க, நீங்க வாயே தொறக்கல."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "இத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பியூலாவ இன்னிக்கே திரும்பக் கூப்பிடறேன்."

ஏகநாதன் தாளை வாங்கிக்கொண்டான். "நாளைக்குத் தரேன் சார்" என்றான்.

ஏழு மாதமாகிறது.